பிஸ்டன் இறுகிப்போய் வந்த பழைய செயின்சா: பெட்டி பிரிப்பதிலிருந்து மூன்றாவது டேங்க் வரை

பெட்டியைப் பிரித்து, மரம் அறுக்கும் செயின்சாவை வெளியே எடுத்து, ஆசையாக ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கிறீர்கள். கயிறு வரவில்லை. உடனே காலால் மெஷினை அழுத்தி மிதித்துக்கொண்டு ஓங்கி இழுக்கத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கயிறு அறுந்தால் புதுக் கயிறு போட்டுக்கொள்ளலாம். ஆனால் உள்ளே சிலிண்டரில் லேசாக விழுந்திருக்கும் கோடு அந்த ஒரே இழுப்பில் ஆழமாகிவிட்டால், தேய்த்துச் சரி செய்திருக்கக்கூடிய சிலிண்டரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எங்கள் தோப்பு சோழவந்தான் பக்கம். தென்னை, வரப்போரம் நாலைந்து வேம்பு, வாய்க்கால் மேட்டில் சீமைக் கருவேலம். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்ன சமயத்தில் ஆள் வைத்து வெட்டினோம். கருவேலம் ஒருமுறை வெட்டினால் போகிற மரம் இல்லை, மறுபடி தழைத்தது. ஒவ்வொரு தடவையும் மெஷின்காரரைத் தேடுவதைவிட நாமே ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று ஆன்லைனில் பழைய 45 சிசி செயின்சா ஒன்றை வாங்கினேன். "கஜா புயலுக்கு வாங்கினது, நாலு மாசம்தான் ஓடுச்சு, அப்புறம் சும்மாவே கிடக்கு" என்றார் விற்றவர். ஆம்னி பஸ் பார்சலில் மாட்டுத்தாவணி வந்து சேர்ந்தது. வீட்டில் பிரித்தால், கயிறு அரை அங்குலம்கூட அசையவில்லை. எங்கள் ஊர் பட்டறை அண்ணன் தூக்கிப் பார்த்துவிட்டு, "பிஸ்டன் பிடிச்சிருச்சு தம்பி" என்றார். சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓட வேண்டிய பிஸ்டன் இறுகி நின்றுவிட்டது என்று அர்த்தம்.

அந்த மெஷின் இன்றைக்கு நன்றாக ஓடுகிறது. ஆனால் நடுவில் நான் செய்த ஒரு தவறால் பிஸ்டன் கிட் ஒன்று வீணானது. முதல்முறை இந்த வேலையில் இறங்குகிறவருக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

பெட்டியைப் பிரிக்கும்போதே

பார்சலின் டேப்பை அறுக்கும் முன்பே செல்போனில் வீடியோவை ஓட விடுங்கள். முகவரிச் சீட்டு, பெட்டியின் நான்கு பக்கம், மெஷினின் சீரியல் எண், கயிற்றை மெதுவாக இழுத்தால் அசையவில்லை என்பது, எல்லாம் ஒரே ஓட்டமாகப் பதிவாகட்டும். சீரியல் எண் சுரண்டப்பட்டிருந்தால் ரிப்பேரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். திருப்பி அனுப்புவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

ஒரு ஸ்க்ரூவைத் தொடும் முன் விற்றவரிடம் பேசிவிடுங்கள். நீங்கள் கழற்றிய பிறகு, "வரும்போது நல்லாத்தான் இருந்துச்சு, நீங்கதான் பிரிச்சுக் கெடுத்துட்டீங்க" என்று அவர் சொன்னால் பதில் சொல்ல முடியாது. ஆன்லைன் தளத்தில் கடை வைத்து விற்பவரிடம் வாங்கியிருந்தால் 2020-ல் வந்த மின் வணிக விதிகள் உங்களுக்குத் துணை நிற்கும். புகார் கிடைத்ததை அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே போக வேண்டுமென்றால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

தன் வீட்டில் கிடந்ததை விளம்பரம் போட்டு விற்ற தனி ஆளிடம் வாங்கியிருந்தால் கதை வேறு. அவர் வியாபாரி இல்லை என்பதால் நுகர்வோர் சட்டத்தை அவர்மேல் காட்டுவது கடினம். எனக்கு விற்றவர் அப்படிப்பட்டவர்தான். பேசிப் பார்த்தேன், விலையில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தார். அதோடு விட்டுவிட்டேன். உங்களுக்கு முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்றால் மெஷினை அனுப்பிவிடுங்கள். ரிப்பேர் ஆசையில் அந்த வாய்ப்பை விட வேண்டாம்.

உண்மையிலேயே இன்ஜின்தான் பிடித்திருக்கிறதா?

செயின் கையால் நகரவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முன்னால் இருக்கும் கைத்தடுப்பு முன்பக்கம் தள்ளியிருந்தால் செயின் பிரேக் போட்டிருக்கிறது என்று பொருள், அப்போது செயின் நகராது. அதைப் பிடிக்குப் பக்கம் இழுத்தால் விட்டுவிடும். இன்ஜினுக்கும் செயினுக்கும் நடுவே கிளட்ச் இருப்பதால், பிரேக் போட்டிருந்தாலும் கயிறு வர வேண்டும். ஆக, கயிறு வரவில்லை என்பது தனிப் பிரச்சினை.

கையுறை போட்டுக்கொண்டு செயினையும் அது ஓடும் நீளப் பட்டையான பாரையும் முதலில் கழற்றி வைத்துவிடுங்கள். ஓடாத மெஷின்தானே என்று நினைக்க வேண்டாம், செயினின் பல் ஓடாமலேயே கையைக் கிழிக்கும். டேங்கில் பெட்ரோல் மிச்சம் இருந்தால் கண்ணாடிப் பாட்டிலில் வடித்து மூடி வையுங்கள். கொட்டிவிடாதீர்கள், அது பிறகு நமக்குச் சாட்சி சொல்லும்.

அடுத்து பிளக். மெஷினோடு வரும் டி வடிவ ஸ்பேனரின் 19 மி.மீ. பக்கம் பெரும்பாலான மெஷின்களுக்குச் சரியாக இருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை மெதுவாக இழுங்கள். இப்போது வந்துவிட்டால் பெரிய பாரம் இறங்கியது. சிலிண்டருக்குள் பெட்ரோலோ ஆயிலோ தேங்கி நின்று பிஸ்டனை மேலே போக விடாமல் தடுத்திருக்கிறது, அவ்வளவுதான். பார்சலில் தலைகீழாக வந்த மெஷினுக்கு இப்படி ஆவதுண்டு. பிளக் ஓட்டை தரையைப் பார்க்கும்படி சாய்த்து, நாலைந்து முறை இழுத்து வெளியேற்றுங்கள். பிளக் வயரை அப்போது தள்ளி வைத்திருக்க வேண்டும். தெறிக்கும் பெட்ரோலில் ஒரு பொறி பட்டால் போதும், தீப்பிடிக்கும்.

அப்படியும் வரவில்லை என்றால் இடது பக்கத்து ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றுங்கள். நாலு ஸ்க்ரூதான். ஸ்டில் (Stihl) கம்பெனி மெஷின் என்றால் டி-27 நட்சத்திர பிட் வேண்டும், சீன மெஷின்களுக்கு எல் கீ போதும். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கயிற்றை இழுத்துப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் பிடித்திருப்பது ஸ்டார்ட்டர், இன்ஜின் இல்லை. சுருள் ஸ்பிரிங் உடைந்தோ, கயிறு பக்கவாட்டில் சிக்கியோ இருக்கும். சாதாரண வேலை.

மூடி தனியாக நன்றாக வேலை செய்தால், அந்த மூடிக்குப் பின்னால் இருக்கும் காந்தச் சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் பிடித்து இரண்டு பக்கமும் அசைத்துப் பாருங்கள். பிளக்குக்குப் பொறி தரும் காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளிதான் இருக்கும். காயில் ஸ்க்ரூ தளர்ந்து காந்தத்தில் ஒட்டியிருந்தாலும், ஃப்ளைவீலின் உடைந்த இறக்கை உள்ளே சிக்கியிருந்தாலும் சுற்றாது. டார்ச் அடித்துப் பாருங்கள். வலது பக்கம் கிளட்ச் ஸ்பிரிங் உடைந்து டிரம்மோடு இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இது எதுவுமே இல்லை என்றால்தான் பட்டறை அண்ணன் சொன்னது உண்மை.

சைலன்சரைக் கழற்றினால் பிஸ்டனே பேசும்

மொத்த வேலையிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். இரண்டு அல்லது மூன்று போல்ட்டைக் கழற்றினால் சைலன்சர் கையோடு வந்துவிடும். உள்ளே புகை வெளியேறும் ஓட்டை வழியாகப் பிஸ்டனின் ஒரு பக்கம் தெரியும். செல்போன் டார்ச்சை அடித்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பல் டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை வழவழப்பாக, தயாரிப்பின்போது விழுந்த மெல்லிய குறுக்கு வரிகள் அப்படியே தெரிந்தால், அது எரிந்து பிடித்த இன்ஜின் இல்லை. நாள்கணக்கில் ஓடாமல் கிடந்து, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கிலோ பேரிங்கிலோ துரு ஏறியிருக்கிறது. மோட்டார் ரூமில் ஐப்பசி மழையின் ஈரத்தோடு இரண்டு வருடம் கிடந்த மெஷினுக்கு இப்படித்தான் ஆகும். பிழைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

சைலன்சர் பக்கம் மட்டும் மேலிருந்து கீழாக ஆழமான கோடுகள், ரிங் பள்ளத்திலேயே அலுமினியம் உருகி ஒட்டி ரிங் அசையாமல் இருந்தால், அது சூட்டில் பிடித்தது. புகை வெளியேறும் பக்கம்தான் பிஸ்டனில் அதிகம் சுடும் இடம், முதலில் எண்ணெய்ப் படலம் அறுவதும் அங்கேதான். பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகப் போனதால் வரும் பிடிப்பு பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் அடி வைக்கும். ஆயிலே கலக்காத வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டியிருந்தால், அதோடு நிற்காமல் பிஸ்டனைச் சுற்றியே கோடு விழுந்திருக்கும், உள்ளே ஆயில் பிசுக்கே இருக்காது, கீழ் பேரிங்கும் காய்ந்திருக்கும்.

கார்புரேட்டரைக் கழற்றி அந்தப் பக்கமும் பாருங்கள். அங்கே பிஸ்டனின் அடிப்பகுதி மணல் தேய்த்ததுபோல மங்கிச் சாம்பல் நிறத்தில் இருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது. கிழிந்த ஏர் ஃபில்டரோடு ஓட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்துச் செம்மண் புழுதிக்கும் தென்னை நார்த் தூளுக்கும் இது எளிதில் நேரும்.

பார்த்ததை எழுதி வையுங்கள். எந்தப் பக்கம் கோடு, எவ்வளவு நீளம், ரிங் அசைகிறதா என்று. பின்னால் இந்தக் குறிப்புதான் உங்கள் பணத்தைக் காப்பாற்றப் போகிறது.

துருவில் பிடித்ததை விடுவிப்பது

மெஷினைப் பிளக் ஓட்டை மேலே இருக்கும்படி நிறுத்தி வைத்து, துரு இளக்கும் ஸ்ப்ரேயையோ, டீசலும் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலும் சரிபாதி கலந்ததையோ இரண்டு மூன்று கரண்டி ஊற்றுங்கள். சைலன்சர் ஓட்டை வழியாகவும் ரிங் தெரிகிற இடத்தில் கொஞ்சம். பிறகு தொடாதீர்கள். ஒரு நாள் போதாது, இரண்டு நாள் ஊறட்டும். இடையில் வற்றினால் மறுபடி கொஞ்சம் ஊற்றுங்கள். சித்திரை வெயிலில் அரை மணி நேரம் வைத்தாலே உலோகம் விரிந்து எண்ணெய் உள்ளே இறங்கும், அடுப்பில் காட்ட வேண்டியதில்லை. பெட்ரோல் வாசனை உள்ள மெஷினை நெருப்பின் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது.

பிறகு ஃப்ளைவீலை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். தொட்டில் ஆட்டுகிற அளவு வேகம் போதும். முதலில் ஒரு நூல் அளவு அசையும், பிறகு இரண்டு நூல். கை வலுவுக்கு வரவில்லை என்றால் ஃப்ளைவீல் நட்டில் ஸ்பேனர் போட்டு, கடிகாரம் சுற்றும் திசையில் மட்டும், லேசாக அழுத்தலாம். எதிர்த்திசையில் அழுத்தினால் நட்டுதான் கழலும். இரண்டடிக் குழாயை ஸ்பேனரில் மாட்டி நெம்பினால் ஃப்ளைவீலின் சாவி வெட்டிப்போகும். பிளக் ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுச் சுத்தியலால் தட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பிஸ்டனின் தலை அலுமினியம், ஓட்டை விழுந்துவிடும்.

விட்டுவிட்டது என்றால் எண்ணெயை முழுவதும் வடித்து, கொஞ்சம் 2டி ஆயில் விட்டுப் பத்து இருபது முறை கையால் சுற்றுங்கள். காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். கரகரவென்று மணல் அரைபடும் சத்தம் வந்தால் பேரிங்கில் துரு இருக்கிறது, அதை மாற்றாமல் ஓட்டக் கூடாது. சத்தமில்லாமல் சுற்றினால், பிஸ்டனை மறுபடி ஒருமுறை டார்ச்சில் பார்த்துவிட்டு, நேராக "ஏன் பிடித்தது" என்ற பகுதிக்குப் போய்விடலாம்.

கோடு விழுந்திருந்தால்

ரிப்பேர் செலவும் உழைப்பும் அந்த மெஷினுக்குத் தகுமா என்று இங்கே ஒரு கணக்குப் போட வேண்டும். கம்பெனி பெயர் இல்லாத 58 சிசி சீன மெஷின் ஆன்லைனில் பத்தாயிரத்துக்குள் புதிதாகவே கிடைக்கிறது. அதன் பிஸ்டன், சிலிண்டர் கிட்டும் மலிவு, கழற்றுவதும் எளிது. நாலு போல்ட்டை எடுத்தால் சிலிண்டர் மேலே வந்துவிடும். ஸ்டில் 170, 180, 250 போன்ற வீட்டு உபயோக மெஷின்களின் அமைப்பு வேறு. அவற்றில் சிலிண்டரும் கீழ்ப்பாதியும் கிராங்க் என்ற சுழலும் தண்டை நடுவே வைத்து இரண்டு சிப்பிபோல மூடியிருக்கும். முழு இன்ஜினையும் உடலிலிருந்து வெளியே எடுத்துத்தான் பிரிக்க முடியும், திரும்ப மூடும்போது பேக்கிங்குக்குப் பதிலாகச் சூடு தாங்கும் பேஸ்ட் போட வேண்டும். முதல்முறை செய்கிறவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போய்விடும். செய்ய முடியாத வேலை இல்லை, பொறுமை வேண்டும்.

கிளட்ச்சைக் கழற்ற நேர்ந்தால் அது இடது மரை என்பதை மறக்காதீர்கள். கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். பிஸ்டன் நகரும் நிலையில் இருந்தால் அதை நிறுத்திவைக்க, பிளக் ஓட்டை வழியாக நைலான் கயிற்றை உள்ளே திணித்து ஒரு முனையை வெளியே விட்டுக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் வெளியே வந்ததும், பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு. மேலும் கீழும் டக் டக்கென்று ஆடினால் கீழ் பேரிங் போய்விட்டது. கிராங்க் மாற்ற வேண்டிய மெஷினை நான் உதிரிபாகத்துக்கு ஒதுக்கிவிடுவேன். பணம் போட்டது மனதை உறுத்தும், ஆனால் மேலும் மேலும் போடுவதைவிட அது மேல்.

ராடு நன்றாக இருந்தால் சிலிண்டரைப் பாருங்கள். பல நேரங்களில் சிலிண்டரில் தெரியும் கோடு பிஸ்டனின் அலுமினியம் அப்பிக்கொண்டதுதான். சுவரின் பூச்சு பிஸ்டனைவிடக் கடினமானது. ஆயில் தொட்ட மெல்லிய எமரித் தாளால் அப்பிய இடத்தை மட்டும், குறுக்குமறுக்காக, அவசரமில்லாமல் தேயுங்கள். ஆசிட் தடவினால் அலுமினியம் சீக்கிரம் கரையும், பட்டறைகளில் செய்கிறார்கள். ஆனால் ஓட்டைகளின் விளிம்பில் பட்டால் சிலிண்டரின் உடலையே தின்றுவிடும், புகையும் நெஞ்சை அடைக்கும். புதிதாகச் செய்கிறவருக்கு எமரித் தாளே போதும். தேய்த்து முடித்து மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு, விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் எங்கேயும் தட்டவில்லை என்றால் சிலிண்டர் பிழைத்தது, பிஸ்டனும் ரிங்கும் மட்டும் புதிதாகப் போட்டால் போதும். நகம் தட்டினால் பூச்சு பெயர்ந்துவிட்டது, முழு கிட்டும் மாற்ற வேண்டும். லேத்தில் கொடுத்து உள்சுவரைக் கடைந்து போர் பண்ணிவிடலாம் என்று பைக் இன்ஜின் பழக்கத்தில் சிலர் சொல்வார்கள். பூச்சு போட்ட சிலிண்டருக்கு அது பொருந்தாது.

கிட் வாங்கக் கடைக்குப் போகும்போது பழைய பிஸ்டனைக் கையோடு கொண்டுபோங்கள். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்க வேண்டாம். ஒரே மாடலில் இரண்டு அளவு வந்திருக்கும். விட்டம், பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின்னின் தடிமன், பின்னிலிருந்து பிஸ்டன் தலைவரை உள்ள உயரம், மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

ஏன் பிடித்தது?

நான் தவறு செய்தது இங்கேதான். கிட் வந்த சந்தோஷத்தில் அன்றைக்கே மாட்டி, அன்றைக்கே மரம் அறுத்தேன். மெஷின் அருமையாக ஓடியது. மூன்றாவது டேங்க் பாதியில் சத்தம் திடீரென்று கீச்சென்று உயர்ந்து, அப்படியே நின்றது. கயிறு வரவில்லை. சைலன்சரைக் கழற்றிப் பார்த்தால் பழைய பிஸ்டனில் எங்கே கோடு இருந்ததோ, புதுப் பிஸ்டனிலும் அதே இடத்தில் அதே கோடு.

பட்டறை அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "பழசு ஏன் பிடிச்சுச்சுன்னு பாத்தீங்களா?" என்பது. நான் பார்க்கவில்லை. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயை அவர் கழற்றி, இரண்டு விரலால் வளைத்துக் காட்டினார். மடிப்பின் உள்ளே, வளைக்காமல் பார்த்தால் தெரியாத ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பு வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போனது. காற்று கூடினால் பெட்ரோல் குறைந்ததாகத்தான் அர்த்தம். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது. ஆக, பெட்ரோல் குறையும்போது சூடு ஏறும், அதே நேரத்தில் ஆயிலும் குறையும். இரண்டு அடியும் ஒரே பிஸ்டன்மேல் விழும்.

அதனால் புதுப் பிஸ்டனைத் தொடும் முன் இவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வடித்து வைத்த பழைய பெட்ரோலில் வெள்ளைத் தாளை நனைத்து நிழலில் காய விடுங்கள். எண்ணெய்க் கறை நின்றால் ஆயில் கலந்திருக்கிறார்கள். தாள் சுத்தமாகக் காய்ந்தால் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. அடுத்து அந்த ரப்பர் குழாயை எல்லாப் பக்கமும் வளைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் டியூப் காய்ந்து வெடித்திருக்கிறதா, டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, டேங்குக்குக் காற்று போகும் சிறு ஓட்டை தூசியால் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் எது அடைத்தாலும் பெட்ரோல் பற்றாமல் போகும்.

கார்புரேட்டரைத் திறந்தால் உள்ளே மெல்லிய ரப்பர் சவ்வு இருக்கும். தொட்டால் பட்டுத்துணிபோல நெகிழ வேண்டும். அப்பளம்போல விறைத்துப் படபடத்தால் மாற்றிவிடுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டேங்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்திய மெஷினில் இந்தச் சவ்வும் டியூபும்தான் முதலில் சாகும்.

கிராங்க்கின் இரண்டு பக்கமும் ஆயில் சீல் உண்டு. கிளட்ச்சுக்குப் பின்னாலோ ஃப்ளைவீலுக்குப் பின்னாலோ ஈரப்பசையோடு தூசி அப்பியிருந்தால் அந்தச் சீல் விட்டிருக்கிறது. முறையான சோதனை, எல்லா வாயையும் ரப்பர் வைத்து அடைத்துவிட்டு அரை பார் அழுத்தக் காற்று ஏற்றி நிற்கிறதா என்று பார்ப்பது. மீட்டர் உள்ள பட்டறையில் பத்து நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். வீட்டில் செய்வதைவிட அதற்குக் கூலி கொடுப்பது நல்லது. சிலிண்டரின் வெளிப்பக்க இறக்கைகளையும் சுத்தம் செய்யுங்கள். தென்னை நாரும் ஆயிலும் சேர்ந்து சாணி மெழுகியதுபோல அடைத்திருந்தால் இன்ஜினுக்குக் காற்றே படாது.

இத்தனையும் பார்த்து, ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துக் கையில் எடுத்து "இதனால்தான்" என்று சொல்ல முடிகிற வரை கிட்டைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

திரும்ப மாட்டும்போது

கிராங்க் இருக்கும் கூடான கிராங்க்கேஸின் வாயில் சுத்தமான துணியைத் திணித்துவிட்டுத்தான் பின்னைத் தொட வேண்டும். பின்னை நழுவாமல் பிடித்திருக்கும் கம்பி வளையமான சர்க்ளிப் ஒன்று தெறித்து உள்ளே விழுந்தால் அதை எடுக்கவே இன்ஜினை முழுவதும் பிரிக்க நேரும். பழைய சர்க்ளிப்பை மறுபடி போடாதீர்கள், கிட்டோடு புதிது வரும். அதன் திறந்த வாய் மேலேயோ கீழேயோ பார்க்கட்டும், பக்கவாட்டில் வேண்டாம். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் பள்ளத்தில் ஒரு சின்ன ஊசி நிற்கும், ரிங்கின் இரண்டு முனையும் அந்த ஊசியின் இரு பக்கமும் வந்து உட்கார வேண்டும். உட்காராமல் சிலிண்டரைத் திணித்தால் ரிங் உடையும். எல்லாவற்றிலும் 2டி ஆயில் தாராளமாகத் தடவி, ரிங்கை விரலால் அமுக்கிக்கொண்டு சிலிண்டரை நேராக இறக்குங்கள். முறுக்கக் கூடாது. போல்ட்டுகளைக் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். துணியை முன்னதாக எடுத்துவிட்டோமா என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

காயில் இடைவெளிக்குத் தனி கேஜ் இல்லை என்றால் விசிட்டிங் கார்டைச் செருகி ஸ்க்ரூவை இறுக்கினால் ஏறக்குறைய சரியாக வரும்.

பெட்ரோல் கலவை: செயின்சா கம்பெனிகள் தங்கள் ஆயிலுக்கு 50-க்கு 1 என்று சொல்கின்றன, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. சாதாரண 2டி ஆயில் என்றால் 25-க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி. மூடியால் உத்தேசமாக ஊற்ற வேண்டாம், மருந்துக்கடையில் சிரிஞ்ச் வாங்கி அளந்து ஊற்றுங்கள். தனிக் கேனில் கலந்து, குலுக்கி, பிறகுதான் டேங்கில் விட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் கலவையை வைத்திருக்காதீர்கள். செயினுக்கான ஆயில் தனி டேங்க், அதை மாற்றி ஊற்றிவிடாமல் இருக்கக் கேனில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

முதல் ஓட்டம்

மெஷினைத் தரையில் வைத்து, பின்பிடிக்குள் காலை நுழைத்து மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கையில் தொங்கவிட்டு இழுக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். ஐந்து நிமிடம் மெதுவான ஓட்டம், இடையிடையே லேசான ஆக்சிலேட்டர். ஆக்சிலேட்டரை விட்டதும் சத்தம் உடனே இறங்க வேண்டும். இறங்காமல் உயரத்திலேயே நின்று, தயங்கித் தயங்கி இறங்கினால் எங்கேயோ இன்னும் காற்று திருடுகிறது. உடனே நிறுத்திவிடுங்கள். கார்புரேட்டரில் எச் (H) என்று குறித்த, வேக ஓட்டத்துக்குப் பெட்ரோல் அளக்கும் ஸ்க்ரூ இருந்தால், முதலில் முழுவதும் மூடி ஒரு சுற்றுத் திறந்து வைப்பது நல்ல தொடக்கம். சத்தம் கூடுகிறது, வெட்டு வேகமாக இருக்கிறது என்று அதை மேலும் மூடாதீர்கள். அந்த இனிமையான கீச்சுச் சத்தம்தான் என் இரண்டாவது பிஸ்டனைத் தின்றது. வெறும் ஓட்டத்தில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால், புல்லட் வண்டி மலையேறும்போது விட்டுவிட்டு இடிக்கிற மாதிரி ஒரு தடுமாற்றம் லேசாகக் கேட்க வேண்டும். மரத்தில் இறங்கியதும் அது தெளிந்துவிடும்.

முதல் இரண்டு டேங்குக்குக் கருவேல அடிமரத்தின் பக்கம் போகாதீர்கள். வேப்பங்கிளை, காய்ந்த மட்டை, தொடைத் தடிமனுக்குள் இருக்கும் பச்சை மரம் போதும். தொடர்ந்து அறுக்காமல் நடுநடுவே இறக்கி வைத்து மெதுவாக ஓட விடுங்கள். கண்ணாடி, காதடைப்பு, மூடிய செருப்பு இல்லாமல் அறுக்க வேண்டாம். தென்னையில் ஏறிக்கொண்டு இந்த மெஷினை இயக்கக் கூடாது, அதற்கென்று பழகியவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது டேங்க் முடிந்ததும் இன்ஜின் நன்றாக ஆறட்டும். பிறகு சைலன்சரைக் கழற்றி, முதல் நாள் பார்த்த அதே ஓட்டை வழியாக டார்ச் அடித்து, எழுதி வைத்த குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய கோடு இருந்த இடத்தில் புதுப் பிஸ்டன் வழவழப்பாக, குறுக்கு வரிகள் கலையாமல் இருந்தால், சைலன்சரைப் புதுப் பேக்கிங் வைத்து இறுக்கிவிட்டுக் கருவேலத்துக்குப் போகலாம்.